பெருவிரல் வைக்கும் இடம்

மே 6, சனி

கராஜின் மூலையிலிருந்து மீன்பிடிச் சாமான்களை இன்று வெளியே எடுத்தேன். பொய்மீன் பெட்டியைத் திறந்தாலே போன வருடத்து ஏரி மணக்கும் என்று என் மனைவி அரசி மூக்கைப் பொத்துவாள். இன்றும் பொத்தினாள். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. நன்றாகக் கழுவித்தான் வைத்திருக்கிறேன் போல.

இங்கே கனடாவில் பாஸ் மீனுக்கு ஜூன் நாலாம் சனிவரை தடை. முட்டையிட்ட இடத்தை ஆண்மீன் காவல் காக்கும் காலம் இது. அதற்குள் தூண்டில் நூல் சுற்றும் ரீல்களைச் சரிபார்த்து, நூல் மாற்றி, கையையும் பழக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். ஆனால் இந்த முறை இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து கராஜுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

குலசிங்கம் தொலைபேசியில் வந்தார். படகு அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சில் பைபாஸ் செய்துகொண்டவர். மனைவியை 'எங்கட ஆள்' என்பார்.

"மாஸ்டர், படகுக்குப் பெயின்ற் அடிச்சாச்சு. எங்கட ஆளின்ர சட்டம் இந்த முறையும் அதுதான். நீங்கள் எஞ்சின் பிடிச்சால் நான் ஏரிக்குப் போகலாம். இல்லையெண்டால் படகை வித்துப்போட்டுப் பூக்கண்டு வைக்கட்டாம்."

"நான் பிடிக்காமல் ஆர் பிடிக்கிறது, குலம்?" என்றேன்.

பின்னேரம் வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், கொழுக்கி இல்லாமல் ஈயக்குண்டை மட்டும் கட்டி எறிந்து பார்த்தேன். முதல் எறியிலேயே நூலில் பெரும் சிக்கு. இரண்டாவதிலும் சிக்கு.

பிரேக் கட்டைகளில் எண்ணெய் பட்டிருக்கும்.

மே 8, திங்கள்

ரீலைக் கழற்றினேன். பக்கத் தட்டைத் திறந்தால் உள்ளே வட்டமாகச் சின்னச் சின்னப் பிரேக் கட்டைகள். உருளை வேகமாகச் சுழலும்போது இவை வெளியே தள்ளப்பட்டு விளிம்பில் உரசும். ராட்டினத்தில் சுற்றும் பிள்ளைகள் வெளிப்பக்கமாகச் சரிவது போல. இதில் எண்ணெய் பட்டால் உரசல் இல்லை. உரசல் இல்லாவிட்டால் பிரேக் இல்லை.

எண்ணெய் பட்டிருக்கவில்லை. இருந்தாலும் துடைத்தேன்.

இந்த ரீல் எல்லாருக்கும் சரிவராது. சாதாரண ரீலில் உருளை அசையாது, நூல் மட்டும் உதிர்ந்து போகும். இதில் உருளையே சுழன்று நூலை விடுகிறது. எறிந்த பொய்மீன் தண்ணீரில் விழுந்து நின்றுவிடும். உருளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அது பாட்டுக்குச் சுழலும். பருத்தித்துறை பஸ் சடுதியாக நிற்க, பின்னால் நின்ற கொண்டக்டர் டிரைவரின் தோளில் வந்து விழுவது போல, போக இடமில்லாத நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குருவிக்கூடாகிவிடும். அதைத் தடுப்பது பெருவிரல். எறியும்போது உருளையின் மேல் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். பொய்மீன் தண்ணீரைத் தொடும் அந்தக் கணத்தில் அழுத்திவிட வேண்டும். பிரேக், இறுக்கும் திருகு எல்லாம் உதவிக்குத்தான்.

சிக்கு விழுந்தாலும் பதறக்கூடாது. அதே பெருவிரலை உருளையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நூலை மெதுவாக இழுத்தால் பாதிச் சிக்கு தானாக விட்டுவிடும். இதைக் குலத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இப்போது அவர் என்னைவிடத் தூரமாக எறிகிறார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

மே 11, வியாழன்

அரசி தேத்தண்ணிக் கோப்பையை இப்போதெல்லாம் முக்கால்வாசிதான் நிரப்புகிறாள். ஏன் என்று கேட்டால், "சீனி கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்தானே" என்கிறாள். சீனிக்கும் அளவுக்கும் என்ன தொடர்பு? வேண்டுமென்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்கலாமாம். கேட்டு வாங்கினேன்.

மே 14, ஞாயிறு

மைதானம். காற்று மேற்கிலிருந்து. சிக்கு.

படிப்பிக்கும் காலத்தில் ஊசல் பரிசோதனையைப் பிள்ளைகளைக் கொண்டு செய்விப்பேன். குண்டு பாரமாக இருந்தால் ஊசல் மெதுவாக ஆடும் என்று வகுப்பில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். பாரத்தை மாற்றும்போதே நூலின் நீளத்தையும் மாற்றிவிட்டு வந்து, "பாருங்கோ சேர், நான் சொன்னது சரி" என்பார்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் குற்றவாளி யாரென்று தெரியும் என்பேன்.

அப்படியே செய்யப்போகிறேன். முதலில் இறுக்கும் திருகு. தூண்டில் தடியின் நுனியில் குண்டைத் தொங்கவிட்டு, நூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால், குண்டு அவசரமில்லாமல் இறங்கித் தரையைத் தொட வேண்டும். தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். என்னுடையது நின்றது. அப்படியென்றால் திருகில் பிழை இல்லை.

அடுத்தது பிரேக்.

மே 15, திங்கள்

பிரேக்கிலும் பிழை இல்லை.

மே 19, வெள்ளி

உருளையின் இரண்டு முனைகளிலும் இருக்கும் பெயரிங்குகளைக் கழற்றி, சாராயம் மாதிரி ஆவியாகும் அந்தத் திரவத்தில் ஊறப்போட்டுக் கழுவினேன். அரசி வந்து கராஜ் கதவை விரியத் திறந்துவிட்டு நின்றாள்.

"தலையிடிக்கேல்லையோ உங்களுக்கு? குசினி வரைக்கும் மணக்குது."

"அவ்வளவு மணம் இல்லையே."

என்னைப் பார்த்தாள். பிறகு, "வருசா வருசம் செய்யிற உடம்புச் சோதனைக்கு நாள் எடுத்திருக்கிறன். ஜூன் இருபத்தேழு, செவ்வாய். மறந்துபோடாதேங்கோ" என்றாள்.

பெயரிங்கில் ஒரு துளி எண்ணெய் விட்டாலே போதும். இரண்டு விட்டால் வேகம் மாறிவிடும். ஒரு துளி விடப் போனேன்; மூன்று விழுந்தது. அந்த எண்ணெய்ப் போத்தலின் வாய் சரியில்லை. துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டேன். வேறு போத்தல் வாங்க வேண்டும்.

மே 20, சனி

போத்தல் வாங்கினேன். அதுவும் அப்படித்தான்.

மே 27, சனி

குலம் வந்திருந்தார். மைதானத்துக்கு நடந்தோம்.

"என்ன மாஸ்டர், ஒரு கையை மட்டும் வீசி நடக்கிறியள்? மற்றக் கையை எங்க அடைவு வைச்சனீங்கள்?"

"பொக்கற்றுக்குள்ள கிடக்கு."

"பெரிய மந்திரி மாதிரியெல்லோ இருக்குது நடை!"

அவர் தன் ரீலில் எறிந்தார். நல்ல தூரம். நான் எறிந்தேன். சிக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

"உங்கட ரீலை ஒருக்கால் தாங்கோ, எறிஞ்சு பாப்பம்" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம். இதில ஒரு பிழை இருக்கு. கண்டுபிடிச்சுப்போட்டுத் தாறன்."

"என்ன பிழை?"

"தெரிஞ்சால் ஏன் தேடுறன்?"

சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது அதிகம் பேசவில்லை. பேசாமல் வரும் குலத்தை எனக்குப் பிடிக்காது. வாசலில் காரில் ஏறும்போது மட்டும், "எஞ்சினுக்குப் புது பிளக் போட்டிருக்கு. ஒரு இழுவையில ஸ்டார்ட் ஆகும்" என்றார். போன வருடம்வரை ஐந்தாறு தரம் இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். நான்தான் இழுப்பேன், அவர் இழுக்கக்கூடாது.

ஜூன் 1, வியாழன்

நூலைச் சந்தேகிக்கிறேன். இது தங்கூசி என்ற ஒற்றை நைலோன் இழை அல்ல, பின்னல் நூல். மெல்லியது, பலமானது, கொஞ்சமும் இழுபடாது. அல்லி இலைகளுக்குள் ஓடும் மீனை வெளியே இழுக்க இதுதான் நல்லது. ஆனால் மூன்று வருடமாகிறது. நிறம் வெளிறி, நாரும் எழும்பியிருக்கிறது.

புது நூல் வாங்கிச் சுற்றினேன். அரசி பென்சிலில் நூற்கட்டையைச் செருகி எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிடியைச் சுற்றினேன். விளிம்புவரை நிரப்பக்கூடாது, தேங்காய்த் துருவலைச் சுண்டுப் பேணியில் அளப்பது போல ஒரு மயிரிழை குறையவிட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன்.

"துருவலைக் குவிச்செல்லோ அளக்கிறது" என்றாள்.

உதாரணம் பிழைத்துவிட்டது. அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் கராஜில் நின்று சிரித்தோம்.

கடைக்குப் போகும்போது நான் எழுதிக்கொடுத்த சாமான் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு. இது என்ன, வெந்தயமோ வெங்காயமோ?"

வெங்காயம். அந்தப் பேனை சரியில்லை.

ஜூன் 4, ஞாயிறு

பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன்!

நூலின் நுனியை மைதானத்து வேலிக் கம்பியில் கட்டிவிட்டு, ரீலை இழுத்துப் பார்த்தேன். பிடியைச் சுற்றினால் பிடி சுற்றுகிறது, நூல் வரவில்லை. இறுக்கினேன். அப்போதும் வரவில்லை. பார்த்தால், உருளை சுழல்கிறது, ஆனால் நூல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னல் நூலுக்கு உருளையின் வழுவழுப்பில் பிடிமானம் இல்லை. அதற்காகத்தான் முதலில் கொஞ்சம் தங்கூசி சுற்றி, அதன்மேல் பின்னல் நூலைச் சுற்ற வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமா? மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் அவிழ்த்து, அடியில் தங்கூசி சுற்றி, முடிச்சுப் போட்டு, நூலைத் திரும்பச் சுற்றினேன். முடிச்சுப் போடத்தான் நேரமெடுத்தது. அரசி வந்து, "நான் போட்டுத் தரட்டோ?" என்றாள். வேண்டாம் என்றேன். பிறகு அவளே போட்டாள்.

குலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "கண்டுபிடிச்சிட்டன்! நூல் வழுக்கியிருக்கு."

"அப்ப சிக்கு அதாலதானோ?"

நல்ல கேள்வி. நூல் வழுக்குவதற்கும் எறியும்போது விழும் சிக்குக்கும் தொடர்பில்லைத்தான். ஆனால் ஒரு பிழை இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருக்கும்.

ஜூன் 5, திங்கள்

மழை. ஜன்னலோரம் இருந்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் கரண்டி ஒன்று கோப்பையோடு உரசி மெல்லக் கிணுகிணு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் பார ஊர்தி ஏதும் போகிறதா என்று எழும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழும்பியதும் சத்தமும் நின்றுவிட்டது.

ஜூன் 6, செவ்வாய்

சிக்கு.

ஜூன் 10, சனி

புது ரீல் வாங்கிவிட்டேன். அரசிக்குச் சொல்லவில்லை, அவள் பார்த்தாள், கேட்கவில்லை. இவளுக்கு இப்போது எதையும் கேட்கும் பழக்கம் போய்விட்டது. முன்பு ஒரு கொழுக்கி வாங்கினாலும் வாசலிலேயே விசாரணை நடக்கும். இன்று எனக்கு மூன்று சட்டை வாங்கி வந்திருக்கிறாள், தலைக்கு மேலால் போடும் சட்டைகள். ஒன்றிலும் பொத்தான் இல்லை.

"வெயிலுக்குச் சுகம்" என்றாள்.

ஜூன் 13, செவ்வாய்

புது ரீலும் பழைய ரீலைப் போலத்தான். தொடக்கத்தில் அழகாகப் போகிறது. விழும் இடத்தில்தான் கெடுகிறது. குண்டு புல்லில் விழுந்த பிறகும் உருளை ஒரு கணம் சுழல்கிறது. ஒரே ஒரு கணம்தான். அது எங்கிருந்து வருகிறது?

காற்றுமில்லை இன்று.

திருகு, பிரேக், பெயரிங், எண்ணெய், நூல், குண்டின் பாரம், ரீல் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இனி மாற்ற ஒன்றும் இல்லை.

தடியை மாற்றலாம்.

ஜூன் 17, சனி

தடியையும் மாற்றினேன். எழுத ஒன்றுமில்லை.

நடந்தேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி, நூலகம்வரை போய், திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு. இருந்தால் எழும்ப வேண்டும் போலிருக்கிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஜூன் 22, வியாழன்

நாளை மறுநாள். பிரேக்கை முழுக்க இறுக்கிவிட்டேன். இப்படி இறுக்கினால் சிக்கு விழாது. தூரமும் போகாது. காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது போலத்தான்.

குலம் தொலைபேசி எடுத்தார். "மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"சோறு கட்டுறதோ, பாண் கொண்டு போறதோ?"

"பாண்" என்றேன். வேறு எதையோ கேட்க வந்தவர் அவர்.

இரவு சாப்பிட்ட பிறகு இறுக்கிய பிரேக்கைத் திரும்பவும் பழையபடி வைத்தேன். நான் கட்டுப்போட்டு எறிபவன் இல்லை.

ஜூன் 24, சனி

இதை எழுத வேண்டும். கைக்கு நேரமெடுக்கும். எடுக்கட்டும்.

விடியவே ஸ்கூகொக் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எஞ்சின் ஒரு இழுவையில் ஸ்டார்ட் ஆனது. பிடியை நான்தான் பிடித்தேன். குலம் முன்னால் இருந்தார். ஆனால் முன்பு போல ஏரியைப் பார்த்து இருக்கவில்லை, என் பக்கம் திரும்பி இருந்தார். அல்லி இலைகள் பரந்து கிடக்கும் குடாவின் வாசலில் எஞ்சினை நிறுத்தினேன். பாஸ் நிழலில் நிற்கும். இலைகளின் ஓரத்தில் பொய்த்தவளையை எறிந்து, உயிர்த்தவளை துள்ளுவது போல இழுத்துவர வேண்டும்.

"முதல் எறி உங்களுக்கு, மாஸ்டர்."

"நீர் எறியும். நான் பாக்கிறன்."

அவர் எறிந்தார். மூன்றாம் முறை இழுத்து வரும்போது பைக் மீனொன்று வந்து நூலைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. பல்லுள்ள மீன். குலம் ஏசிக்கொண்டே அறுந்த நுனியைத் தேடும் நேரத்தில், இலைகளின் விளிம்பில் தண்ணீர் ஒருமுறை புரண்டது. கைப்பிடி அகலத்துக்கு முதுகு தெரிந்தது. பெரிய பாஸ்.

"மாஸ்டர், எறியுங்கோ!"

என் தடி என் மடியில் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

"எறியுங்கோ அப்பா, போகப்போகுது!"

நான் எடுக்கவே இல்லை. அவர் குனிந்து என் மடியிலிருந்து அதை எடுத்தார். பிடுங்கினார் என்று சொல்ல மாட்டேன். எடுத்தார், நான் விட்டேன்.

எறிந்தார். உருளை சுழலும் அந்தச் சத்தம், மெல்லிய பட்டுத்துணி கிழிவது போல ஒரு சத்தம், அதைப் போன வருடத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்டேன். தவளை உயரப் போய், இலைகளின் மேலால் போய், அந்த முதுகு தெரிந்த இடத்துக்கு அப்பால் சத்தமில்லாமல் விழுந்தது. உருளை அந்தக் கணமே நின்றது. ஒரு வளையம்கூட எழும்பவில்லை.

மீன் அடித்தது. குலம் சிரித்தார், ஏசினார், என்னை வலை எடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மீன். கொழுக்கியைக் கழற்றி, வாயைப் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"மாஸ்டர், என்ன ரீல் இது! வெண்ணெய் மாதிரிப் போகுது. இதையோ பிழை எண்டு சொன்னனீங்கள்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நிற்க, கண் மட்டும் கீழே இறங்கியது. முழங்காலின் மேல் இருந்த என் வலக்கை ஆடிக்கொண்டிருந்தது. பெருவிரல் சுட்டுவிரலின்மேல் உருண்டுகொண்டிருந்தது, யாரோ மாத்திரை உருட்டுவது போல.

"குளிருதோ?" என்று கேட்டார். நல்ல வெயில்.

"இல்லை."

மீனைத் தண்ணீரில் விட்டார். அது ஒரு கணம் நின்று, பிறகு போனது. கையைக் காற்சட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எப்ப தொடக்கம், மாஸ்டர்?"

"மாசி. கோப்பை சிந்தினது. அப்ப ஏதோ எண்டு விட்டுப்போட்டன்."

"பிறகு?"

"பிறகு ரீல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று என்று. எல்லாவற்றையும் மாற்றினேன். எறியும் ஆளை மாற்றிப் பார்க்கவில்லை. குலம் கையை நீட்டியபோது கொடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். விடை கிடைத்துவிடும் என்றுதான் கொடுக்கவில்லை.

"எழும்புங்கோ. எஞ்சினை நான் பிடிக்கிறன்."

"உம்மட மனுசி?"

"அவவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் அரசியக்காவுக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாப் பிறகுதான் நான் சொல்லுவன். இல்லையெண்டால் சொல்லமாட்டன், ஏரிக்கும் வரமாட்டன், படகும் வித்துப்போகும்."

இடம் மாறி இருந்தோம். படகு ஆடியது. அவர் என் தோளைப் பிடித்தார், நான் அவர் தோளைப் பிடித்தேன். யார் யாரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது.

ஜூன் 25, ஞாயிறு

அரசி கோப்பையைக் கொண்டு வந்து வைத்தாள். முக்கால்வாசி.

"அரசி, எனக்கு இந்தக் கை..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை டொக்டரிட்ட ஏன் நாள் எடுத்தனான் எண்டு நினைச்சியள்? கொலஸ்ரரோலுக்கோ?"

"ஏன் சொல்லேல்லை?"

எதிரே வந்து இருந்தாள். என் சட்டையின் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். "நீங்கள் கழட்டிக்கொண்டிருந்தியள். எல்லாத்தையும் கழட்டி முடிச்சால் தானா வருவியள் எண்டு விட்டனான். புது ரீலும் வாங்கினாப் பிறகு எனக்குப் பயம் வந்திட்டுது. இனிப் படகையும் மாத்துவாரோ எண்டு."

பிறகு அழுதாள். கொஞ்ச நேரம்தான். நான் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அவள் பார்க்கும்படி அப்படிக் குடித்தது இன்றுதான்.

ஜூன் 27, செவ்வாய்

டொக்டர் இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். கண்ணை மூடவைத்துக் கோப்பித்தூளை மூக்கில் பிடித்து என்ன என்றார். "ஒண்டுமில்லை" என்றேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். இடக்கை தட்டியது. வலக்கை நன்றாகத் தொடங்கிச் சின்னதாகிச் சின்னதாகி நின்றுவிட்டது. எந்த இடத்தில் நிற்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். புல்லில் குண்டு விழும் இடம்.

சுருள் கோடு ஒன்று வரையச் சொன்னார். உருளையில் நூல் சுற்றுவது போல வரைந்தேன். வரிகள் போகப்போக நெருங்கி ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிட்டன.

"இப்ப ஏதாவது ஒரு வசனம் எழுதுங்கோ, அங்கிள். எந்த மொழி எண்டாலும் பரவாயில்லை."

எழுதினேன். அவர் எழுத்தின் பருமனை மட்டும் பார்த்தார். கடைசிச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, பார்க்கின்சன் என்ற நோயாக இருக்கலாம், நரம்பு வைத்தியரிடம் அனுப்புகிறேன், அவர்தான் உறுதியாகச் சொல்லுவார், மருந்து இருக்கிறது, முழுக்க மாற்றும் மருந்து இல்லை, ஆனால் இருக்கிறது என்று தன் தமிழில் தடுமாறிச் சொன்னார். சொல்ல வந்தது விளங்கியது.

"என்ன எழுதியிருக்கிறார், அன்ரி?" என்று அரசியிடம் கேட்டார்.

அரசி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ரீலில் பிழை இல்லை."

ஜூலை 1, சனி

குலம் தொலைபேசி எடுத்தார். "எங்கட ஆளுக்குச் சொல்லிப்போட்டன். முதல்ல ஏச்சு. பிறகு யோசிச்சா. ஒராளுக்கு நெஞ்சு, ஒராளுக்குக் கை, அப்ப மூண்டாவது ஆள் ஒண்டு படகில வேணுமாம். அரசியக்கா வந்தால் விடுவாவாம்."

அரசிக்குச் சொன்னேன். அவள் மீனைச் சட்டியில் மட்டும் கண்டவள்.

"வாறன். ஆனால் குடை கொண்டுவருவன்" என்றாள்.

இந்த ரீலின் பிடி வலப்பக்கம் இருப்பது. வலக்கையால் எறிந்துவிட்டுத் தடியை இடக்கைக்கு மாற்றித்தான் இத்தனை வருடமும் சுற்றினோம். இடக்கையாலேயே எறிந்தால் கை மாற்றும் வேலையே இல்லை. இது ஏன் இவ்வளவு காலமும் தோன்றவில்லை? தேவை வரவில்லை, தோன்றவில்லை. நாளை மைதானத்துக்குப் போகிறேன்.

ஜூலை 8, சனி

ஏரி. குலம் எஞ்சினில். நான் நடுவில். அரசி முன்னால் குடையோடு, படகுக்குப் பாய் கட்டியது போல. காற்று பிடித்து ஒரு முறை படகே திரும்பிவிட்டது.

"அக்கா, குடையை மடக்குங்கோ, நாங்கள் மற்றக் கரைக்குப் போகப்போறம்!"

"போனால் என்ன, அங்கயும் மீன் நிக்கும்தானே?"

இலைகளின் ஓரத்தில் நிறுத்தினார். பிரேக்கைப் பாதிவரை போட்டேன். இடக்கையால் எறிந்தேன். தவளை இருபது அடிகூடப் போகாமல் பக்கத்தில் விழுந்தது. உருளை நிற்காமல் சுழன்றது. குருவிக்கூடு. பெரிய கூடு, குஞ்சே பொரிக்கலாம்.

எனக்கு மனம் துள்ளியது. இது பழகாத கையின் சிக்கு. முப்பது வயதில் முதன்முதல் எறிந்தபோது விழுந்த அதே சிக்கு. இதன் காரணம் எனக்குத் தெரியும். இதற்கு மருந்தும் தெரியும்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று அரசி கேட்டாள்.

"கிட்ட வாரும். உம்மட பெருவிரலை இதில வையும்."

குடையை மடக்கிவிட்டு வந்து இருந்தாள். உருளையின்மேல் பெருவிரலை வைத்தாள்.

"எவ்வளவு அமத்த?"

"நூல் வலிக்காத அளவு."

அவள் அழுத்தினாள். என் வலக்கை பிடியை இரண்டு சுற்றுச் சுற்றியது. சுற்றும்போது அது ஆடவில்லை. பிறகு நூலை மெதுவாக இழுத்தேன். வந்தது.